உடனொளிர்வும் சேர் கே. எஸ். கிருஷ்ணனும்

சேர் சி. வி. இராமன் அவர்களின் பெயரைக் கேட்டறியாத மாணாக்கர் நம்மிடையே இலர். அவர் பெயரால் வழங்கும் விளைவையும், அதன்பொருட்டு 1930 ஆம் ஆண்டில் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்ததையும் கீழ்வகுப்புச் சிறுவரும் சொல்லுவர். ஆயின், அவ்விளைவை நாடிக் கல்கத்தா நகரத்து இருட்டறையொன்றிற் கண்ணாடிக் குமிழ்களின் முன்னே நாட்கணக்காக நின்ற மற்றொரு தமிழரின் பெயரைக் கேட்டாற் பெரியவர்களும் சற்றுத் தயங்குவர். அவரே சேர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவருடைய வரலாற்றை இவ்விழா மலரில் எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்களுட் பலர் இன்று வைத்தியராகவும் வைத்தியசாலை ஆய்வுகூடங்களிற் கடமை புரிவோராகவும் விளங்குகின்றனர். குருதியிலுள்ள கலங்களை ஒவ்வொன்றாக எண்ணி வகைப்படுத்தும் பாய்ச்சற் கலமானியைக் கையாள்வோர் அவர்களுள் உளர். நோயாளரின் குருதியைக் கருவியினுட் செலுத்துமுன் அவர்கள் சிறு குப்பியொன்றிலிருந்து பால்போன்ற நீரிற் சில துளிகளை எடுத்துச் செலுத்துவர். அத்துளிகளிற் கண்ணுக்குப் புலனாகாத பிளாஸ்ரிக் உருண்டைகள் இலட்சக்கணக்கில் மிதக்கின்றன. ஒளி பட்டதும் அவை தாமும் ஒளிரும். அவ்வொளியைக் கொண்டே கருவி சரியாக அளக்கின்றதா என்பது துணியப்படும். காணப்படும் ஒளி யாருடையது, அஃது எவ்வளவு என்னும் இரு வினாக்களே அங்கு எழுவன. இவ்விரு வினாக்களையும் தம் வாழ்நாளின் இரு முனைகளிலும் எதிர்கொண்டவர் கிருஷ்ணன். ஆதலின் அவருடைய வரலாற்றையும் இவ்வுருண்டைகளின் செய்தியையும் சேர்த்தே சொல்லுகின்றேன்.

திருவில்லிபுத்தூருக்கு அண்மையில், மேற்குமலைத் தொடரின் அடிவாரத்திலே, வத்திராயிருப்பு என்னும் ஊர் உளது. நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த அவ்வூரில் 1898 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4 ஆந் திகதி கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் தமிழும் வடமொழியும் கற்றவர், நிலமும் உடையவர். மகனுக்கு இருமொழிப் பற்றும் இளமையிலேயே வாய்த்தது. அவர் பயின்றதும் இந்து உயர்தரப் பாடசாலையே என்பதை நம் கல்லூரிப் பழைய மாணவர் அறிந்து மகிழலாம். தமக்கு அறிவியலில் முதல் ஆர்வத்தை ஊட்டியவர் பள்ளியாசிரியர் ஒருவரே என்று கிருஷ்ணன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. அந்த ஆசிரியர் ஆராய்ச்சியாளர் அல்லர். கற்பித்ததை மாணவர் கண்முன்னே நிற்குமாறு கற்பித்தவர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு, பட்டங்கள் நிறைந்த அவர் வாழ்க்கை வரலாற்றில் மற்றெல்லாவற்றினும் இச்செய்தியே இனிக்கின்றது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் அவர் உயர்கல்வி பெற்றார். பின்னர் கிறித்தவக் கல்லூரியிலேயே இரசாயனப் பகுதியிற் செய்முறை காட்டும் துணையாசிரியராக அமர்ந்தார். பதவி சிறிது, ஆயினும் மதிய உணவு வேளையில் அவரைச் சூழ்ந்து ஒரு கூட்டம் கூடும். பௌதிகம், இரசாயனம், கணிதம் என எத்துறையிலும் எவரும் எதனையும் வினவலாம். அயற் கல்லூரி மாணவரும் அவ்வேளையை அறிந்து வந்து சேர்வராம். விடை சொல்வதினும் வினாவைத் திருத்திக் கொடுப்பதிலே அவர் வல்லவர் போலும்!

1920 ஆம் ஆண்டில் மேற்படிப்பை நாடிக் கல்கத்தாவுக்குச் சென்றார். அந்நாளிற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த இராமன், பௌபஜார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் இளைஞர் பலரைத் திரட்டி ஒளிச்சிதறலை ஆராய்ந்து வந்தார். 1923 இற் கிருஷ்ணனும் அக்குழுவிற் சேர்ந்தார்.

இவ்விடத்திலே கதையைச் சற்று நிறுத்தி, உடனொளிர்வு என்பது யாதெனச் சொல்லவேண்டும். சில பொருள்கள் தம்மேற் பட்ட ஒளியை உட்கொண்டு, வேறு நிறமுள்ள ஒளியாக உடனே திருப்பித் தருவன. படும் ஒளி நின்றதும் தரும் ஒளியும் நிற்கும். அதுவே உடனொளிர்வு. படும் ஒளி நின்ற பின்னும் சிறிது நேரம் தொடர்வது நின்றொளிர்வு. (தமிழில் இவ்விரு சொற்களும் அமைந்திருக்கும் அழகை எண்ணி எண்ணி மகிழ்கின்றேன். நம் பாடநூல்களில் வழங்கிய புளோரொளிர்வு என்னும் சொல்லிற் பொருளில் ஒரு பாதி மொழிபெயராமலே நின்றுவிடுகின்றது.) ஊதா ஒளியை வாங்கிய மூலக்கூறு, செக்கனை நூறு கோடிக் கூறிட்டால் அவற்றுட் சில கூறுகளே கொண்ட காலத்துக்கு அதனை வைத்திருக்கும். அதற்குள் வாங்கிய சக்தியில் ஒரு பங்கை வெப்பமாக இழந்துவிடும். எஞ்சியதை நீலமாகவோ பச்சையாகவோ வெளிவிடும். ஆதலின் தரும் ஒளியின் அலைநீளம் வாங்கிய ஒளியினதைவிடப் பெரும்பாலும் கூடியதாகவே இருக்கும்.

இதனைக் காண ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டுவதில்லை. வெள்ளவத்தைக் கடைகளில் நெடுங்காலம் எரிந்த குழல்விளக்குகளின் உட்புறத்து வெண்பொடி ஊதாக்கடந்த கதிரை வாங்கி வெள்ளொளி தந்தது இம்முறையால். சலவைத் தூளிற் கலந்த சாயத்தால் நம் சிறுவரின் வெள்ளைச் சட்டைகள் நாடக மேடையின் ஊதா விளக்கிலே நீலமாய்ப் பளிச்சிடுவதும் இம்முறையாலேயே. கொட்டாஞ்சேனையை அடுத்த செட்டியார் தெருவில் மணி பார்ப்போர் மாணிக்கத்தை ஊதாக்கடந்த விளக்கின்கீழ்ப் பிடித்து அதன் செவ்வொளியை நோக்குவதும் இதுவே. எனினும் அறிவியலார்க்கு இதனை விளக்கிக் காட்டிய பொருள் கொயினா. 1852 இல் ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர் கொயினாக் கரைசலில் நீலவொளி தோன்றுவதை ஆராய்ந்து இந்நிகழ்ச்சிக்குப் பெயரிட்டார். 1861 இல் ஹக்கலையில் தோட்டம் அமைக்கப்பட்டது கொயினா மரத்தின் பொருட்டேயாம். 1934, 1935 ஆம் ஆண்டுகளின் கொடிய மலேரியாவில் நம் நாட்டவர் நாவிற் கசந்த அதே மருந்து, பிற்காலத்தில் உடனொளிர்வை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கும் நியமப் பொருளாக அமெரிக்க நியமப் பணியகத்தால் வழங்கப்பட்டது.

இனிக் கல்கத்தாவுக்குத் திரும்புவோம். 1923 இற் பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே. ஆர். இராமநாதன் தூய நீரில் ஞாயிற்றொளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊதாக் கண்ணாடியூடாக ஒளியைச் செலுத்தி, சிதறிவரும் ஒளியைப் பச்சைக் கண்ணாடியூடாக நோக்கினார். ஊதாவைத் தவிர வேறொன்றும் உட்செல்லாமையாற் பச்சைக் கண்ணாடியில் இருளே தெரியவேண்டும். தெரிந்ததோ மிக மங்கிய ஒளித் தடம். நீரிற் கலந்த ஏதோ அழுக்கின் உடனொளிர்வே இஃதென அவர் எண்ணினார். நீரை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தார். ஒளி அகலவில்லை. கிருஷ்ணனும் 65 திரவங்களை வடித்துத் தூய்மை செய்து அவற்றின் ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். பலவற்றிலே அந்த மங்கிய ஒளியைக் கண்டு 1925 இற் குறித்தும் வைத்தார். அழுக்கு என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் ஒவ்வொரு திரவத்திலும் ஒரேவகை அழுக்கு எவ்வாறு புகுந்தது? இவ்வினா இராமனை உறங்கவிடவில்லை.

1928 பெப்ரவரி பிறந்தது. அதற்கு முன் சில காலம் கிருஷ்ணன் கோட்பாட்டு ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்தார். செய்முறையை நெடுநாள் விட்டிருப்பது தகாது என்று இராமன் வற்புறுத்தவே, உடனொளிர்வை ஆராயத் தொடங்கினார். அந்நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. முதலில் அந்திரசீன் ஆவியை எடுத்துக்கொண்டார். அதன் ஒளி வலிது; ஆயின் அதில் முனைவாக்கம் இல்லை. ஒளியின் அதிர்வு ஒரு தளத்திலே அமைந்து நிற்பதே முனைவாக்கம். அதன் பயனை ஓர் உவமையாற் சொல்லலாம். மடத்திலே தங்கிய வழிப்போக்கன், வந்த வாயிலை மறந்து எந்த வாயிலாலும் வெளியேறுவான். சுவரில் எறிந்த பந்தோ தங்குவதில்லை. வந்த திசைக்கேற்பவே தெறிக்கும். ஆவியிலும் நீர்த்த திரவத்திலும் உடனொளிர்வு பெரும்பாலும் மடத்து வழிப்போக்கனை ஒத்தது, ஒளியை வைத்திருக்கும் நேரத்துள் மூலக்கூறு சுழன்றுவிடுதலின். சிதறல் பந்தை ஒத்தது.

பெப்ரவரி 7 ஆந் திகதி திரவங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கிய கிருஷ்ணன், தூய திரவங்கள் எல்லாம் கட்புலனாகும் ஒளியை வெளிவிடுவதையும், அவ்வொளி வன்மையாக முனைவாக்கம் பெற்றிருப்பதையும் கண்டார். உடனொளிர்வாயின் அவ்வாறு இருத்தல் அரிது. இராமனிடம் கூறியபோது அவர் முதலில் நம்பவில்லை. அறைக்குள் வந்து பார்த்தார். பெந்தேன் நிறைந்த குமிழ் தொட்டியில் இருந்தது. ஒளி வரும் வழியில் நீலவூதாக் கண்ணாடி நின்றது. பச்சையும் மஞ்சளும் இணைந்த கண்ணாடியூடாக நோக்கினார், தடம் தெரிந்தது. அவ்விணைக் கண்ணாடியையும் ஒளி வரும் வழிக்கே மாற்றி வைத்தார், தடம் மறைந்தது. ஆகவே அந்த நிறம் வந்த ஒளியில் இருந்ததன்று, திரவத்திலேயே பிறந்தது என்பது உறுதியாயிற்று. இருவரும் பிற திரவங்களையும் வரிசையாக நோக்கினர். அன்றிரவு 9 மணியளவில் இராமன் கிருஷ்ணனின் விடுதியைத் தேடி வந்து வாயிலில் நின்றவாறே தம் எண்ணத்தை வெளியிட்டார். தாங்கள் கண்டது உடனொளிர்வன்று. கிராமர்சும் ஐசன்பேர்க்கும் கோட்பாட்டளவிற் கூறியிருந்த, நிறம் மாறிய சிதறலே அது என்பதே அவ்வெண்ணம்.

இந்த இரு கண்ணாடி முறையை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன். உள்ளே செல்லும் ஒளிக்கு ஒரு வடிகட்டி. வெளியே வரும் ஒளிக்கு, முதலாவது விடுத்ததை விடாத மற்றொரு வடிகட்டி. ஸ்ரோக்ஸ் கையாண்ட இம்முறையே இன்றைய உடனொளிர்வு நுணுக்குக்காட்டியிலும் கலமானியிலும் அமைந்திருக்கின்றது. விலை மிகுந்த கருவியின் உள்ளுறுப்பு இதுவே.

பெப்ரவரி 16 ஆந் திகதியிட்டு இருவர் பெயராலும் எழுதப்பெற்ற கடிதம் நேச்சர் இதழில் மார்ச்சு 31 ஆந் திகதி வெளிவந்தது. இதனிடையே பெப்ரவரி 28 ஆந் திகதி மாலையில், நீலவூதாக் கண்ணாடியோடு யுரேனியக் கண்ணாடியையும் சேர்த்து, செல்லும் ஒளியின் அலைநீள எல்லையைக் குறுக்கித் திருசியங்காட்டியால் நோக்கினர். பழைய ஒளிக்கும் புதிய ஒளிக்கும் இடையே தெளிவான இருட்பகுதி ஒன்று நின்றது. பின்னர் இரசவாவி விளக்கைக் கொண்டு நோக்கியபோது கூரிய கோடுகளே தோன்றின. உடனொளிர்வு திருசியத்திலே பெரும்பாலும் அகன்ற பட்டையாகப் பரவும். படும் ஒளியின் நிறத்தைச் சிறிது மாற்றினாலும் அப்பட்டை பொதுவாகத் தன் இடத்தை விட்டுப் பெயராது. இக்கோடுகளோ படும் ஒளியோடு கூடவே நகர்ந்தன. ஐந்து ஆண்டுகளாக அழுக்கின் மேல் ஏற்றப்பட்ட பழி அன்று நீங்கிற்று.

பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. இதுபற்றிப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். இராமன் தம் நோபெற் சொற்பொழிவிலே கிருஷ்ணனின் பங்கைக் குறிப்பிட்டார். கிருஷ்ணன் தம் பங்கை முன்வைத்து எந்நாளும் வழக்குத் தொடுக்கவில்லை. வினாவை ஆண்டுக்கணக்காக விடாது பற்றி நின்றவர் இராமன் என்பதும், அதற்கு விடையளித்த நாட்களிற் கண்ணும் கையுமாக இருந்தவர் கிருஷ்ணன் என்பதும் ஒருங்கே உண்மை. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தும் எழுத்து எனக்கு உடன்பாடன்று. ஆயினும் நம் பாடநூல்கள் கிருஷ்ணனுக்கு ஒரு வரியேனும் ஒதுக்கியிருக்கலாம்.

அவ்வாண்டு டிசெம்பரில் அவர் டாக்காப் பல்கலைக்கழகத்துக்கு றீடராகச் சென்றார். அங்குப் பௌதிகப் பகுதியின் தலைவராக விளங்கியவர் சத்தியேந்திரநாத் போசு. 1933 இல் கிருஷ்ணன் மீண்டும் கல்கத்தாச் சங்கத்துக்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக வந்தார். இக்காலத்தில் அவர் மேற்கொண்டது பளிங்குகளின் காந்தவியல்பு. மெல்லிய இழையொன்றிற் சிறு பளிங்கைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்திலே அஃது எவ்வாறு திரும்புகின்றது என்பதை அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எத்திசையிற் படுத்துள்ளன என்று கண்டறிந்தார். போகலையிலும் கஹட்டகஹவிலும் நம்மவர் தோண்டியெடுக்கும் காரீயமும் அவர் ஆராய்ந்த பளிங்குகளுள் ஒன்று. அதன் காந்தவியல்பு ஒரு திசையில் மிக வலிதாகவும் மற்றத் திசையில் மெலிதாகவும் இருப்பதற்கு, அதனுள்ளே இலத்திரன்கள் படலங்களின் வழியே ஓடுவது காரணமென விளக்கினார்.

அக்காலத்து ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் பொருளோடு நெருங்கியது. அந்திரசீன் பளிங்கினுட் சிறிதளவு நப்தசீன் கரைந்திருக்கும்போது அப்பளிங்கு ஒளியை எவ்வாறு உறிஞ்சுகின்றது என்பதை அவரும் அவருடன் உழைத்தவரும் ஆராய்ந்தனர். தூய அந்திரசீன் ஊதாக்கடந்த கதிரில் நீலமாக ஒளிரும். நப்தசீன் சிறிது கலந்தாற் போதும், பளிங்கு முழுவதும் பச்சையாகிவிடும். வீட்டுக்காரர் வாங்கிய வெளிச்சத்தை விருந்தினர் செலவிடுகின்றார் எனலாம். திரவங்களில் ஒளியைக் கெடுக்கும் அழுக்கென அஞ்சப்பட்டது, இங்கு மூலக்கூறுகளின் கிடப்பைக் காட்டும் கருவியாகிவிட்டது. ஒரு திண்பொருளுள் வேறொரு பொருளைச் சிறிதளவு கரைத்து அதன் ஒளியைப் பயன்கொள்ளும் இந்நெறியையே பிளாஸ்ரிக் உருண்டைகளிலும் காண்கின்றோம்.

1940 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது. 1942 இல் அலகாபாத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1946 இற் சேர் பட்டம் கிடைத்தது. பின்னாளில் இந்திய அரசின் பத்மபூஷண் விருதும் பட்நாகர் பரிசும் வந்தன. இவற்றை விரிக்க வேண்டியதில்லை.

1947 இற் புதுடில்லியில் அமைந்த தேசிய பௌதிக ஆய்வுகூடத்துக்கு அவர் முதற் பணிப்பாளரானார். அவ்வாண்டு ஜனவரி 4 ஆந் திகதி ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 21 ஆந் திகதி வல்லபாய் பட்டேல் திறந்துவைத்தார். நாட்டின் அளவைகளுக்கெல்லாம் நியமம் காக்கும் இடம் அது. தராசிலும் முழக்கோலிலும் பட்டினத்துக்குப் பட்டினம் வேறுபாடு நிறைந்திருந்த நாடு 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெற்றிக் முறைக்கு மாறியது. பன்னாட்டு மூலக் கிலோகிராமின் 57 ஆம் எண்ணுள்ள படி அவ்வாய்வுகூடத்திலே வைத்துக் காக்கப்பட்டது. (2019 மே 20 முதல் கிலோகிராம் உலோகத் துண்டை விட்டு இயற்கை மாறிலியொன்றின் வழியே வரையறுக்கப்படுகின்றது.) நம் நாடு மெற்றிக் முறைக்கு மாறியது 1970 களில். வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளில் யார் போய் மீற்றர் வந்த நாட்களில் அளவுகோலைச் சந்தேகத்தோடு நோக்கிய பாட்டிமார் பலர்.

எடைக்கும் நீளத்துக்கும் நியமம் வைப்பது ஒருவகையில் எளிது. இரும்புக்கட்டியையும் கோலையும் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். மங்கிய ஒளிக்கு நியமம் வைப்பது எவ்வாறு? கிருஷ்ணன் டில்லியிலே பணியாற்றிய அதே காலத்தில், உலகின் மறுகோடியில் அதற்கு வேண்டிய பொருள் தற்செயலாகத் தோன்றிற்று.

1940 களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டவ் நிறுவனத்தார் ஆக்கிய பொலிஸ்ரைரீன் பால்மத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியவர்கள் வியந்தனர். துளிகள் யாவும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே பருமனுள்ள உருண்டைகள். நாம் றிஜிபோம் என்று வழங்கும் வெண்பலகையும் அதே பொலிஸ்ரைரீனே. ஆனால் இவ்வுருண்டை மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு கூறிலும் சிறிது. பருமன் தெரிந்த உருண்டை ஒன்று பக்கத்தில் இருந்தால் நுணுக்குக்காட்டி எத்தனை மடங்கு பெருக்குகின்றது என்பதை அறியலாம். இவ்வாறு அவை அளவுகோல்களாயின. சற்றுப் பெரிய உருண்டைகளைத் தரையிலே ஆக்குவது கடினம். வளரும்போதே சில மேலே மிதக்கும், சில அடியிற் படியும், சில ஒட்டிக்கொள்ளும். ஆதலின் 1983 இற் சலஞ்சர் விண்ணோடத்திலே, எடையற்ற நிலையில், மில்லிமீற்றரின் நூறில் ஒரு கூறு குறுக்களவுள்ள உருண்டைகளை ஆக்கினர். அமெரிக்க நியமப் பணியகம் அவற்றை 1985 முதல் விற்றது. விண்வெளியில் ஆக்கி விற்பனைக்கு வந்த முதற்பொருள் அதுவே.

உருண்டைக்கு ஒளியூட்டும் முறை எளியது. அதனைச் சிறிது வீங்கச் செய்யும் கரைப்பானிற் சாயத்தோடு ஊறவைப்பர். சாயம் உள்ளே புகும். கரைப்பானை நீக்கியதும் பிளாஸ்ரிக் சுருங்கிச் சாயத்தைச் சிறைப்படுத்திவிடும். அந்திரசீனுள் நப்தசீன் இருப்பதுபோல அது விருந்தினராக அமர்ந்துவிடும். சாயம் கூடக் கூட ஒளியும் கூடும் என எண்ணுதல் இயல்பு. ஓர் எல்லை வரையில் அஃது உண்மை. அதற்கு மேற் சாய மூலக்கூறுகள் நெருங்கி, ஒன்றன் சக்தியை மற்றொன்று வாங்கி வெப்பமாகக் கழித்துவிடும், ஒளி குறையும். எனவே மங்கல், நடுத்தரம், வன்மை எனப் பல படிகளாக அளந்து சாயமூட்டி, அவ்வுருண்டைகளை ஒன்றாகக் கலந்து ஒரே குப்பியில் விற்கின்றனர். கலமானியிலே கலங்களும் உருண்டைகளும் ஒற்றை வரிசையில் ஓடும். நீல லேசர்க் கதிர் ஒவ்வொன்றின் மேலும் பட, வடிகட்டியைத் தாண்டி வரும் ஒளி எண்ணாக மாறும். உருண்டைப் படிகள் வரைபடத்திலே தனித்தனிச் சிகரங்களாக நேற்று நின்ற இடத்தில் இன்றும் நிற்குமாயின் கருவி நலமாக உள்ளது. சிகரம் அகன்றிருந்தாற் கதிரும் நீரோட்டமும் ஒத்திசையவில்லை. எல்லாச் சிகரங்களும் ஒருங்கே தாழ்ந்திருந்தால் லேசர் மெலிந்திருக்கலாம், அல்லது ஒளியுணரி தளர்ந்திருக்கலாம்.

இதனை ஏதோ எந்திர நுட்பம் என்று எண்ணிவிடலாகாது. எயிட்சு நோயாளி ஒருவரின் குருதியில் ஒருவகை வெண்குழியங்கள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதும், குருதிப் புற்றுநோய் எவ்வகையது என்பதும் இவ்வொளியைக் கொண்டே துணியப்படுகின்றன. அளவு பிழைத்தால் வைத்தியர் நோயாளரை நோக்கிச் சொல்லும் சொல்லும் பிழைத்துவிடும்.

உருண்டையிலும் குறை உண்டு. பிளாஸ்ரிக்கினுட் சிறைப்பட்ட சாயத்தைச் சுற்றியுள்ள நீரின் புளிப்போ காரமோ எளிதில் தீண்டாது. நெடுநாள் மாறாதிருப்பதற்கு அது நல்லது. ஆயின் நோயாளரின் கலங்களில் ஒட்டிய சாயம் நீரிலே நிற்பது. புளொரசீன் என்னும் சாயம் நீர் சிறிது புளித்தாலும் ஒளி மங்கும். மாறாத ஒன்றைக் கொண்டு மாறுவதை அளக்கின்றோம் என்பதை மறத்தலாகாது. அன்றியும், உருண்டைச் சாயத்தின் திருசியமும் கலத்துச் சாயத்தின் திருசியமும் ஒன்றாக இராவிடின், வேறு வேறு வடிகட்டி உள்ள இரு கருவிகள் ஒரே குப்பிக்கு வேறு வேறு விடை தரும். இக்குறையைப் போக்க, அளவிடப்படும் அதே சாயத்தை உருண்டையின் மேற்பரப்பிற் பிணைத்து, கரைசலில் உள்ள இத்தனை சாய மூலக்கூறுகளுக்கு இவ்வொளி நிகரென்று எண் கொடுக்கும் முறையும் வந்தது. இன்னுமொன்று: பொலிஸ்ரைரீனின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.59, உயிர்க்கலத்தினது அதனிலும் மிகக் குறைவு. ஆதலின் ஒரே பருமனாயினும் உருண்டை கலத்தைவிட வன்மையாக ஒளியைச் சிதறும். சிதறலைக் கொண்டு கலத்தின் பருமனை உருண்டையோடு நேராக ஒப்பிடுவோர் ஏமாறுவர். நெடுநேரம் வெளிச்சத்தில் வைத்த குப்பியோ சாயம் வெளுத்துப் பயனற்றுப்போம்.

டில்லியிலே கிருஷ்ணன் பணிப்பாளர் நாற்காலியோடு அடங்கிவிடவில்லை. மின்னோட்டத்தாற் சுட்டுப் பழுத்த மெல்லிய கம்பிகளிலும் கோல்களிலும் வெப்பம் எவ்வாறு பரவியிருக்கும், காய்ந்த பொருளிலிருந்து இலத்திரன் எவ்வாறு வெளியேறும் என்பவற்றைத் தாமே ஆராய்ந்தார். வடமொழி நூல்களையும் தமிழ் நூல்களையும் விடாது பயின்றார். தமிழிற் கட்டுரைகளும் எழுதினார். அறிவியலைத் தமிழிற் சொல்லுதல் இயலாது என்று இன்றும் கூறுவோர், மானிப்பாயில் வைத்தியர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதையும், திருசியங்காட்டியைக் கையாண்ட இவர் தமிழைக் கைவிடாதிருந்ததையும் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. அமைதியான இயல்பினர், நகைச்சுவை நிரம்பியவர், விளையாட்டில் விருப்புடையவர். 1961 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14 ஆந் திகதி, பணிப்பாளராக இருக்கும்போதே அவர் காலமானார். அப்போது அகவை 62. இராமன் அவருக்குப் பின்னும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

இவர்கள் இருவரும் கண்ட சிதறலை அளக்கும் கருவிகள் இன்று மருந்தாலைகளிலும் மணிச் சோதனைக் கூடங்களிலும் பரவியுள்ளன. 1928 இல் மலைக்கவைத்த அம்மங்கிய ஒளி, படும் ஒளியிற் கோடியில் ஒரு பங்கேனும் தேறுவது அரிது. லேசரும் நுண்ணிய ஒளியுணரியும் வந்த பின்னர், அதனைச் சில செக்கன்களிற் பதிவுசெய்ய முடிகின்றது. அக்கருவிகளுக்கும் நியமப் பொருள்கள் வேண்டும். அவற்றுள் ஒன்று பொலிஸ்ரைரீனே. அதன் வளையத்து அதிர்வால் எழும் கோடு, அலையெண் 1001.4 என்னும் இடத்தில் நிற்கவேண்டும். நில்லாவிடிற் கருவியைத் திருத்துவர். ஆனால் அதற்குக் கொள்வது சாயமூட்டாத பொலிஸ்ரைரீன். கலமானிக்குரிய சாய உருண்டையைத் தவறுதலாக அக்கருவியில் வைத்து, அச்சாயம் ஏற்கும் நிறமுள்ள லேசரைப் பாய்ச்சினால், உடனொளிர்வு அகன்ற வெள்ளமாக எழுந்து அக்கோட்டை மூடிவிடும். அவ்வாறு நேரின், லேசரின் நிறத்தைச் செம்மைக்கு அப்பால் மாற்றிச் சாயத்தை உறங்கவைத்துப் பார்ப்பர். அல்லது அந்த உருண்டையை அகற்றிவிட்டுத் தூயதொன்றை வைத்து மீண்டும் தொடங்குவர்.